குழாய் மூடியிருந்தும் பிரஷர் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறதா?

யாரும் தண்ணீர் திறக்காதபோதே பம்ப் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் ஓடி நின்றால், மோட்டாரைக் கழற்ற ஓடாதீர்கள். எங்கோ அழுத்தம் கசிகிறது. அழுத்தம் காட்டும் கேஜும், பம்பை ஆன்-ஆஃப் செய்கிற பிரஷர் ஸ்விட்சும் தாண்டி வீட்டுக்குப் போகிற லைனில் கேட் வால்வு இருக்கும். அதை மூடிவிட்டு கேஜ் முள்ளைக் கவனியுங்கள். அசையாமல் நின்றால் கசிவு வீட்டுப் பக்கம். முதல் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க் மீதுதான்: அதன் நீரில் சொட்டு நீலம் கலந்துவிட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி கழித்துக் கோப்பையைப் பாருங்கள், நீலம் இறங்கியிருந்தால் வாஷர் போச்சு. வால்வை மூடியும் முள் இறங்கினால், தண்ணீர் திரும்பி ஓடாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வில் மண் சிக்கியிருக்கலாம்.

— குழாயைத் திறந்ததும் டக் டக்கென்று ஆன்-ஆஃப் ஆனால் அது வேறு நோய் சார். பிரஷர் டேங்கில் காற்று இறங்கியிருக்கும். கரண்டை நிறுத்தி, குழாயைத் திறந்து கேஜ் பூஜ்யத்துக்கு வந்த பிறகுதான் காற்றை அளக்கணும். இல்லாவிட்டால் தண்ணீரின் அழுத்தத்தையே காட்டும். பம்ப் 1.4 பாரில் ஆன், 2.8 பாரில் ஆஃப் என்றால் டேங்கில் 1.2 பார் வேண்டும், டயர் கேஜில் 17 பி.எஸ்.ஐ. சைக்கிள் பம்பே போதும். டேங்கின் காற்று வால்வு ஊசியை அழுத்தும்போது தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் காற்றடிப்பது வீண்.

— மோட்டார் உறுமுது, ஆனா சுத்தலைன்னா உடனே ஆஃப் பண்ணுங்க, காயில் சூடாகிடும். கரண்டைத் துண்டிக்கிற எம்.சி.பி. சுவிட்சை இறக்கி, டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு, ஃபேன் பக்கம் ஷாஃப்டைத் திருப்பிப் பாருங்க. இறுகியிருந்தா துரு. லேசா சுத்துச்சுன்னா, மோட்டார் சுத்த உதவுற கெபாசிட்டர் போயிருக்கும். கரண்டை நிறுத்தினாலும் அதுல சார்ஜ் நிக்கும், வெறுங்கை வேண்டாம். குண்டு பல்பு ஹோல்டரோட ரெண்டு ஒயரை முனைகள்ல தொட்டு இறக்கிடுங்க. புதுசு வாங்கும்போது பெயர்த்தகட்டுல இருக்கிற மைக்ரோஃபாரட் அளவேதான். பெரிசா போட்டா நல்லா ஓடும்னு கடையில சொன்னா நம்பாதீங்க, காயில்தான் சூடாகும்.

— பம்ப் ஈரத் தரையில் இருக்கிறது, எர்த் ஒயரோடு கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், விழவில்லையென்றால் மாற்றுங்கள். மோட்டாருக்கும் பம்புக்கும் இடையில் சொட்டுச் சொட்டாக நீர் வந்தால் மெக்கானிக்கல் சீல் போயிருக்கும், பெரும்பாலும் தொட்டி காலியாக இருந்தபோது ஓடியதால். சின்னச் சொட்டுதானே என்று விட்டால் பேரிங்குக்குள் தண்ணீர் போகும். புது சீலோடு, தொட்டி காலியானால் பம்பை நிறுத்தும் ஃப்ளோட் ஸ்விட்சும் போட்டுவிடுங்கள்.