புதிய ரைஃபிள்: இரண்டாவது தோட்டா உள்ளே போக மறுக்கிறது, உடனே உதவி தேவை

கம்மவான்பேட்டை:
அனைவருக்கும் வணக்கம். புது ரைஃபிள் வாங்கி நேற்றுதான் முதன்முதலாகச் சுட்டேன். முதல் தோட்டா வழுக்கிக்கொண்டு போகிறது. இரண்டாவதற்கு போல்ட்டை (தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி மூடும் தண்டு) தள்ளினால் பாதியில் நின்றுவிடுகிறது. சில சமயம் மூன்றாவதில் நிற்கிறது. ஒரு தடவை எல்லாமே தடையில்லாமல் போயின, அதுதான் புரியவில்லை. உள்ளங்கையால் தட்டிப் பார்த்தேன், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியும் பார்த்தேன். போல்ட்டை மூடும்போது கடைசி ஒரு அங்குலம் கனமாக இருக்கிறது. குண்டுகள் இடப்பக்கமாகச் சரிகின்றன. தோள் கன்றிப்போய்விட்டது. ராணுவத் துப்பாக்கியின் தோற்றம் அப்படியே இருக்கிறது, அந்த ஆசையில்தான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் களம் கிடைக்கும். அதற்குள் சொல்லுங்கள்.

வேலூர் வெயில்:
எந்த ரைஃபிள்? எந்த போர் (குழல்துளை அளவு)? யார் தயாரித்த தோட்டா? மேகசினில், அதாவது தோட்டாப் பெட்டியில், எத்தனை போட்டீர்கள்? இதில் ஒன்றையும் எழுதவில்லையே நண்பரே.

குடியாத்தம்:
அதைவிட முக்கியமான கேள்வி: எங்கே சுட்டீர்கள்? "களம்" என்றால் சுடுதளமா, நெற்களமா?

பழைய ஆர்மரர்:
தோட்டா ஏறிய துப்பாக்கியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியவருக்கு முதலில் துப்பாக்கி தேவையா என்பதே என் கேள்வி. டாக்டரிடம் போய் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஊசிக்குக் கையை நீட்டுகிற கதைதான் இது. இருபது ஆண்டுகள் பட்டறையில் ஆயுதம் பிரித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், விவரம் இல்லாமல் யாரும் வாய் திறக்காதீர்கள்.

மக்கன்பேடா:
விவரமே வேண்டாம், மேகசின் ஸ்பிரிங்தான். புது ஸ்பிரிங் எப்போதுமே முரண்டு பிடிக்கும். தோட்டாவை நிரப்பி ஒரு வாரம் அப்படியே வைத்துவிடுங்கள், பழகிவிடும்.

குடியாத்தம்:
வீட்டில் ஒரு வாரம் தோட்டா நிரப்பிய மேகசினா! ஐயா, யாராவது இதை நம்பிச் செய்துவிடப் போகிறார்கள்.

கம்மவான்பேட்டை:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். .315 போர். கிளப் மூலம் முறையாக அனுமதி பெற்ற சுடுதளம்தான், லைசென்ஸ் என் பெயரில் இருக்கிறது. வாங்கிய சூட்டோடு தேர்தல் அறிவிப்பு வந்ததால் துப்பாக்கி நெடுநாள் ஸ்டேஷனில் ஒப்படைப்பில் இருந்தது. அப்பா ராணுவத்தில் எஸ்.எல்.ஆர். (தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிள்) சுட்டவர், அவருக்கும் இந்தச் சிக்கல் புதிதாக இருக்கிறது.

வேலூர் வெயில்:
.315 என்றால் பாதி விடை வந்துவிட்டது. அது பிரிட்டிஷ் ராணுவத்தின் .303 லீ என்ஃபீல்டு ரைஃபிளின் வாரிசு. .303 இங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட போர் என்பதால், அதே போல்ட் அமைப்பில் எட்டு மில்லிமீட்டர் தோட்டாவுக்குச் செய்தது. ஐந்து தோட்டா மேகசின்.

போல்ட் கடைசியில் கனப்பது கோளாறு அல்ல. என்ஃபீல்டு குடும்பத்தில் போல்ட்டை மூடும்போதுதான் ஸ்டிரைக்கர் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) ஸ்பிரிங் அழுந்தும். ஜெர்மானிய மவுசர் வகையில் திறக்கும்போதே அழுந்திவிடும். அதைக் கையாண்டவர்களுக்கு இது மணலில் தள்ளுவதாகத் தோன்றும். தயங்காமல் ஒரே வீச்சில் தள்ளி மூடுங்கள்.

ராணிப்பேட்டை:
என் பார்வையில் இது கிரீஸ். ஆலையிலிருந்து வரும்போது உள்ளும் புறமும் கெட்டிக் கிரீஸ் பூசித்தான் அனுப்புவார்கள். நம் ஊர் சித்திரை வெயிலில், ஸ்டேஷன் அறையில், அது உருகி சேம்பருக்குள் (குழலில் தோட்டா அமரும் அறை) இறங்கி மறுபடி உறைந்திருக்கும். நல்ல மண்ணெண்ணெயில் கழுவி, புல்த்ரூவில் (குழலுக்குள் விட்டு இழுக்கும் கயிறு) கந்தல் துணி கட்டி, துணி வெள்ளையாக வரும்வரை இழுங்கள். பிறகு மெல்லிய எண்ணெய் ஒரு கை. அவ்வளவுதான்.

பழைய ஆர்மரர்:
கிரீஸ் இருந்தால் முதல் தோட்டாவும் சிக்கியிருக்க வேண்டுமே. கழுவுவது நல்ல பழக்கம், மறுக்கவில்லை. சேம்பரில் எண்ணெய் ஈரம் இருந்தால் தோட்டாவின் உலோகக் கூடு சேம்பர் சுவரைப் பிடிக்காமல் போல்ட்டின் முகத்தில் வந்து மோதும், அதனால் சுடுவதற்கு முன் காயத் துடைக்க வேண்டும். ஆனால் நோய் அதுவல்ல.

மக்கன்பேடா:
கிரீஸ் என்றதும் நினைவுக்கு வருகிறது. நம் வேலூர்க் கோட்டையிலேயே சிப்பாய்கள் தோட்டாவில் தடவிய கொழுப்பை எதிர்த்துத்தானே கலகம் செய்தார்கள். அதுவும் இதே என்ஃபீல்டு துப்பாக்கி!

குடியாத்தம்:
இல்லை ஐயா. கொழுப்புத் தோட்டா 1857, வடக்கே. வேலூர் 1806 ஜூலை 10. இங்கே பிரச்சினை தலைப்பாகை. தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணியச் சொன்னார்கள், நெற்றிக் குறியையும் தாடியையும் தடுத்தார்கள். என்ஃபீல்டு அப்போது பிறக்கவே இல்லை.

மக்கன்பேடா:
எங்கள் பள்ளியில் தோட்டா என்றுதான் நடத்தினார்கள்.

ராணிப்பேட்டை:
பள்ளியில் தவறாக நடத்தியிருப்பார்கள், அல்லது நீங்கள் அன்றைக்கு வகுப்பில் இருந்திருக்க மாட்டீர்கள். 1857இல் வந்தது குழல்வாயில் மருந்து இடிக்கிற 1853ஆம் ஆண்டு என்ஃபீல்டு. லீ என்ஃபீல்டு 1895. இரண்டுக்கும் உறவு, இங்கிலாந்தில் அந்தத் தொழிற்சாலை இருந்த ஊரின் பெயர் மட்டும்தான்.

குடியாத்தம்:
தலைப்பாகை மட்டும்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. திப்புவின் பிள்ளைகள் கோட்டைக்குள்தான் இருந்தார்கள், அவர்களுடைய பங்கு எவ்வளவு என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லஸ்பி குதிரைப்படையோடு அன்றைக்கே வந்து சேராவிட்டால்...

பழைய ஆர்மரர்:
குதிரைப்படையைக் கொஞ்சம் வெளியே நிறுத்திவையுங்கள். ஒரு பிள்ளை ஞாயிற்றுக்கிழமைக்குள் விடை கேட்டிருக்கிறான்.

தம்பி, .315 தோட்டாவின் அடியைப் பார். கூட்டைவிட அகலமாக ஒரு விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். உன் அப்பா சுட்ட எஸ்.எல்.ஆர். தோட்டாவில் அது கிடையாது. அடி, கூட்டோடு சமமாக இருக்கும், பள்ளம் மட்டும் வெட்டியிருக்கும். அதனால் அவருக்கு இந்தத் தலைவலி தெரிய நியாயமில்லை. மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு, கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் நின்றால், போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது அதன் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்பில் மாட்டி அதையும் இழுக்கும். இரண்டும் சேர்ந்து நிற்கும். எந்தத் தோட்டா எப்படி விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு முறை இரண்டாவதில், ஒரு முறை மூன்றாவதில் சிக்கும். தற்செயலாகச் சரியாக விழுந்த அன்று ஐந்தும் போய்விடும். நீ எழுதியது இதேதான்.

நீ மேகசினைக் கழற்றிக் கையில் வைத்து, தோட்டாவை நேரே கீழே அமுக்கியிருப்பாய். அப்படிச் செய்யாதே. ஒவ்வொன்றையும் முந்தையதன் விளிம்புக்கு ஒரு மயிரிழை முன்னால் வைத்து அமுக்கு. பிறகு பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தால் விளிம்புகள் படிக்கட்டாக, மேலே போகப் போக முன்னோக்கி நிற்கும்.

வேலூர் வெயில்:
ஆர்மரர் ஐயா சொல்வதே சரி. 1962 சீனப் போருக்குப் பிறகு இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் இந்த அமைப்பை 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு மாற்றியபோது விளிம்பும் போயிற்று, இந்தத் தொல்லையும் போயிற்று. .315இல் இன்னும் இருக்கிறது.

ராணிப்பேட்டை:
வீட்டில் அடுக்கிப் பார்ப்பதென்றால் உயிருள்ள தோட்டா வேண்டாம். கிளப்பில் கேட்டுக் காலிக் கூடுகள் ஐந்து வாங்கி விளிம்புகள் நிற்கும் விதத்தைப் பாருங்கள். முனையில் குண்டு இல்லாததால் அவை சேம்பருக்குள் ஒழுங்காக ஏறாது, அதைப் பார்த்து மறுபடி பயந்துவிட வேண்டாம்.

பழைய ஆர்மரர்:
இனி சிக்கினால்: குழல் இலக்கை நோக்கியே இருக்கட்டும். விரல் விசையில் இருக்கக் கூடாது. மேகசினைக் கழற்று, போல்ட்டை மெதுவாகப் பின்னால் இழு. தட்டுவதும் நெம்புவதும் கூடாது. கூட்டின் அடியில் பிரைமர் (அடித்தால் தீப்பிடிக்கும் மருந்து) இருக்கிறது, உன் ஸ்க்ரூ டிரைவருக்கு அது தெரியாது.

இடப்பக்கம் சரிவதைப் பிறகு பார்க்கலாம். தோள் கன்றியவன் விசையை அமுக்கும் முன்பே கண்ணை மூடியிருப்பான். மணல் மூட்டை மேல் வைத்து, கட்டையைத் தோள்குழியில் இறுகப் பொருத்திச் சுடு. அப்படியும் எல்லாக் குண்டும் ஒரே இடத்தில் இடப்பக்கம் விழுந்தால் முன் சைட்டை (குழல் முனையில் உள்ள குறிமுள்) இடப்பக்கமே நகர்த்த வேண்டும். குண்டு எந்தப் பக்கம் போகிறதோ முன் சைட்டும் அந்தப் பக்கம். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு என்னிடம் வருவார்கள்.

மக்கன்பேடா:
அதற்கு முன் விசைக் காப்பின் முன் ஸ்க்ரூவைப் பாருங்கள். வெயிலில் மரக்கட்டை காய்ந்து சுருங்கினால் அது தளர்ந்துவிடும், குண்டு இஷ்டத்துக்கு விழும்.

பழைய ஆர்மரர்:
இன்றைக்கு முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்.

மக்கன்பேடா:
நன்றி. ஸ்பிரிங் விஷயத்திலும் நான் பின்வாங்கவில்லை.

ஆலங்காயம்:
இவ்வளவு எதற்கு? ஜவ்வாது மலை அடிவாரத்தில் எங்கள் நிலக்கடலைக் கொல்லைக்கு வாருங்கள். பன்றித் தொல்லையும் தீரும், துப்பாக்கியும் பழகும்.

குடியாத்தம்:
வனத்துறை வழக்கும் பழகும், லைசென்ஸும் போகும். பன்றிக்கு வனத்துறையிடம் மனு கொடுங்கள். இந்த யோசனையை இங்கே எழுதவே கூடாது.

ஆலங்காயம்:
கொல்லையில் படுத்துக் காவல் காத்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

வேலூர் வெயில்:
அது தனிப் பிரச்சினை, நியாயமான பிரச்சினையும்கூட. ஆனால் தனி இழை தொடங்குங்கள். கம்மவான்பேட்டைக்காரர் எங்கே?

குடியாத்தம்:
ஞாயிறு போய்ச் செவ்வாயும் வந்துவிட்டது. பதில் கிடைத்ததும் மறைந்துவிடுகிறவர்கள் பட்டியலில் இன்னொருவர்.

கம்மவான்பேட்டை:
ஆர்மரர் ஐயா சொன்னபடி அடுக்கினேன், ஒன்றும் சிக்கவில்லை. முன் ஸ்க்ரூ அரைச் சுற்று தளர்ந்திருந்தது. அப்பா இரண்டு சுற்று சுட்டுவிட்டு எஸ்.எல்.ஆர்.தான் துப்பாக்கி என்று சொல்லிவிட்டார். அனைவருக்கும் நன்றி.

பழைய ஆர்மரர்:
இடப்பக்கம் சரிவது என்ன ஆயிற்று? ஸ்க்ரூவை இறுக்கிய பிறகு எங்கே விழுந்தது? எத்தனை மீட்டர்?

காட்பாடி சந்திப்பு:
வணக்கம், நான் புதிது. ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வேண்டுமா? அவசரம்.

வேலூர் வெயில்:
எத்தனை ஜூல்? எந்த போர்?