பிளாகரில் தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரி குழம்புகிறது

கேள்வி:
கூகுளின் பிளாகர் வலைப்பதிவில் எழுதுகிறேன். எந்தத் தமிழ்த் தலைப்பு கொடுத்தாலும் பதிவின் சுட்டி (இணைய முகவரி) 'பிளாக்-போஸ்ட்' என்றும், அதன் பின்னே ஏதோ எண்ணோடும்தான் வருகிறது. வெளியிட்ட 40 பதிவுகளும் இப்படியே. மாற்ற வழி உண்டா?

பதில் 1:
பிளாகர் தலைப்பிலுள்ள ஆங்கில எழுத்தையும் எண்ணையும் மட்டுமே முகவரிக்கு எடுக்கும், தமிழை உதறிவிடும். இனி எழுதும்போது வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கம் பெர்மாலிங்க் (பதிவின் நிலையான முகவரி) திறந்து, கஸ்டம் தேர்ந்து, மூன்று நான்கு ஆங்கிலச் சொற்களை இடைக்கோடு போட்டு எழுதுங்கள். இடைவெளி கூடாது.

பழையதற்கு: பதிவை டிராஃப்டுக்கு (வெளியிடாத வரைவு நிலைக்கு) திருப்பி, பெர்மாலிங்க்கை மாற்றி, மறுபடி வெளியிடுங்கள். வெளியீட்டுத் தேதி பழையதாகவே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முகவரியில் ஆண்டும் மாதமும் அதிலிருந்துதான் வரும்.

பதில் 2:
அதோடு விட்டால் பழைய சுட்டி 404 (பக்கம் இல்லை என்ற பிழை) காட்டும். செட்டிங்ஸில் கஸ்டம் ரீடைரக்ட்ஸ் (பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு அனுப்பும் வசதி) போய், பழைய முகவரியையும் புதியதையும் சாய்கோட்டிலிருந்து (/) தொடங்கிக் கொடுங்கள். அதற்கு முன்னுள்ள டொமைன் பெயரை (தளத்தின் பெயரை) சேர்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. 'பெர்மனென்ட்' பொத்தானையும் போடுங்கள், அப்போதுதான் அது 301, அதாவது நிரந்தர மாற்றம், ஆகும்.

பதில் 3:
நாற்பதையும் மாற்றுவது வீண் வேலை என்பேன். வாசகர் வரும் நாலைந்தை மாற்றினால் போதும். அந்த நேரத்தில் செட்டிங்ஸின் மெட்டா டேக்ஸ் பகுதியில் தேடல் விவரத்தை (தேடல் முடிவில் தலைப்பின் கீழ் வரும் சிறு விளக்கத்தை) இயக்குங்கள். இயக்காவிட்டால் பதிவுப் பக்கத்தில் அந்தப் பெட்டியே தெரியாது. வரம்பு 150 குறிகள். 'தமிழ்' நமக்கு மூன்றெழுத்து, கணினி எழுத்து முறையான யுனிகோடில் ஐந்து குறி. ஆகவே சுருக்கமாக எழுதுங்கள்.