திருகோணமலையில சின்ன ஒபிஸ் ஒண்டுக்குத் தளபாடம், எதில காசை மிச்சம் பிடிக்கலாம்?

ஏகாம்பரம் வீதிக்காரி:
வணக்கம். நானும் கூடப் படிச்ச ரெண்டு பேரும் ஏகாம்பரம் வீதியில மேல்மாடி ஒண்டை வாடகைக்கு எடுத்திருக்கிறம், கணக்கு எழுதுற வேலைதான், நாலு பேர் இருந்து வேலை செய்யிற மாதிரி வேணும். அட்வான்ஸ் குடுத்து பெயின்ட் அடிச்சு கரன்ட் வேலையும் முடிய கையில மிச்சம் 2 இலட்சத்து 50 ஆயிரம். கடையில கேட்டா நாலு மேசையும் கதிரையும் வாங்கவே அது சரியாப் போயிடும் போல கிடக்கு, ஃபைல் வைக்க அலுமாரியும் வேணும். மொறட்டுவையில எடுத்து லொறியில ஏத்தினா லாபமா, இல்லாட்டி இங்கயே பாக்கிறதா? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்கோ.

உப்புவெளி அண்ணா:
தங்கச்சி, மொறட்டுவையில மரச்சாமான் விலை குறைவுதான், ஆனா 250 கிலோமீட்டருக்கு மேல லொறி வரவேணும், நாலு மேசைக்காகத் தனி லொறி பிடிச்சா குறைஞ்ச காசு முழுக்க ஹயருக்குப் போயிடும். வேற ஆற்றயும் சாமானோட சேத்து ஏத்தினா மட்டும் யோசியுங்கோ.

அதைவிட முக்கியம் உப்புக்காத்து. எங்கட டவுனுக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மற்றப் பக்கம் திறந்த கடல். நான் தொடங்கேக்க மலிவு எண்டு எம்டிஎஃப் (மரநாரை அமத்திச் செய்யிற பலகை) மேசை மூண்டு எடுத்தன், மாரியில வாடைக்காத்தோட யன்னலால சாரல் அடிச்சு கால் அடியெல்லாம் ஊதிப் போச்சு, ஆணி கூடப் பிடிக்கேல்ல, மூண்டையும் எறிஞ்சிட்டன். இப்ப இருக்கிறது நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல் திருத்தேக்க வித்த பழைய தேக்கு மேசை, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடிச்சதோட சரி, ஆறு வருசமா நிக்குது. சீசன் தொடங்க முதல், மாசி பங்குனியில அந்தப் பக்கம் ஒருக்காப் போய்க் கேட்டுப் பாருங்கோ.

ஓடாவி வீட்டுப் பிள்ளை:
மேசைக்கு நான் ஒரு வழி சொல்லுறன் அக்கா. 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி வரும், அதை நீளப்பாட்டுக்கு நடுவால அறுத்தா 8க்கு 2 அடியில ரெண்டு பலகை, ஒவ்வொண்டிலயும் ரெண்டு பேர் இருக்கலாம், ஆக ஒரு ஷீட்டில நாலு பேருக்கும் இடம் சரி. உயரம் 29 இல்லாட்டி 30 அங்குலம். நடுவிலயும் கட்டாயம் ஒரு கால் வையுங்கோ, இல்லாட்டி ஒரு வருசத்தில பலகை தொய்ஞ்சிடும். அறுத்த ஓரத்துக்கு மரச்சட்டம் ஒட்டி வார்னிஷ் அடிக்கவேணும், தண்ணி இழுக்கிறது அந்த ஓரத்தாலதான். சாதாரண ஸ்குரூ வேண்டாம், கறள் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் இல்லாட்டி பித்தளை கேளுங்கோ. எல்லாத்துக்கும் லாச்சி அடிக்கச் சொல்லாதேங்கோ, ஓடாவிக்கு நேரம் போறதும் கூலி ஏறுறதும் லாச்சியிலதான்.

மடத்தடி அக்கா:
பிள்ளை, எதில மிச்சம் பிடிச்சாலும் கதிரையில பிடிக்காதேங்கோ. கணக்கு வேலைக்கு நாள் முழுக்க இருக்கவேணும், நான் பிளாஸ்டிக் கதிரையில ரெண்டு வருசம் இருந்து நாரி நோவுக்குக் குடுத்த காசில நல்ல கதிரை ரெண்டு வாங்கியிருக்கலாம். பாவிச்சதா எடுத்தாலும் பரவாயில்லை, ஆனா பத்து நிமிசம் இருந்து பாருங்கோ, தானாக் கீழ இறங்கினா கதிரையை ஏத்தி இறக்கிற சிலிண்டர் போச்சு எண்டு அர்த்தம், அதை மாத்தலாம், அந்தக் காசை விலையில கழிச்சுக் கேளுங்கோ. சில்லு உடைஞ்சதும் அப்பிடித்தான். அடிக்கட்டை வெடிச்சிருந்தா மட்டும் தொடாதேங்கோ.

ஸ்டீல் அலுமாரி பழசு வாங்கேக்க சரிச்சு அடிப்பக்கம் பாருங்கோ, கறள் அங்கதான் தொடங்கும். கொண்டுவந்து நிலத்தில நேர வைக்காம ரெண்டு அங்குலக் கட்டையில ஏத்துங்கோ.

ஏகாம்பரம் வீதிக்காரி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. அப்ப மேசை ஓடாவியிட்டச் சொல்லப்போறன், லாச்சி எனக்கு மட்டும் ஒண்டு. கதிரை நாலும் இருந்து பாத்துத்தான் எடுப்பன். இப்ப படியை அளந்து பாத்தன், வளைவில 31 அங்குலந்தான் இருக்கு, முழு அலுமாரி ஏறாது போல. ரெண்டாக் கழட்டிப் பூட்டுற மாதிரிப் பழைய அலுமாரி ஆரும் விக்கிறதெண்டா சொல்லுங்கோ.