சூப்பர் மெட்ராய்டு முடித்த கையோடு மெட்ராய்டு 2: தொடரலாமா, விட்டுவிடலாமா?

சுரங்கவாசி:

சூப்பர் மெட்ராய்டை இப்போதுதான் முடித்தேன். அது எப்படிப்பட்ட கேம் என்று இங்கே விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை, அதனால் விடுகிறேன். அதன் ஆரம்பத்தில் ஒரு முன்கதை வருமே, கதாநாயகி சாமஸ் எஸ்ஆர்388 கிரகத்துக்குப் போய் மெட்ராய்டு என்ற ஆபத்தான உயிரினங்களை ஒழித்தாள், கடைசியில் முட்டை உடைத்து வந்த ஒரு குஞ்சு அவளையே தாய் என்று நினைத்துப் பின்னால் வந்துவிட்டது, அதைக் கொண்டுபோய் விஞ்ஞானிகளிடம் கொடுத்தாள் என்று. அந்த முன்கதைதான் 1991-இல் நிண்டெண்டோவின் கையடக்கக் கருவியான கேம் பாயில் வந்த மெட்ராய்டு 2 என்று தெரிந்ததும் நிண்டெண்டோ ஸ்விட்சின் ஆன்லைன் சேவையில் தேடி எடுத்து ஆட ஆரம்பித்தேன்.

உண்மையைச் சொன்னால் சலிப்பாக இருக்கிறது. மேப் கிடையாது. சாய்வாகச் சுட முடியாது, ஓட முடியாது. சுடுவதற்கான கதிர், அதாவது பீம், ஒன்றைப் புதிதாக எடுத்தால் கையில் இருந்த பீம் போய்விடுகிறது. எந்தக் குகைக்குள் போனாலும் அதே பாறை, அதே மணல், அப்புறம் பாதி நேரம் பின்னணியில் இசை என்ற பெயரில் எலி கிறீச்சிடுவது மாதிரி ஏதோ சத்தம். சாமஸ் திரையில் பெரிதாக இருப்பதால் சுற்றிலும் என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை. மூலையில் உள்ள எண் இன்னும் இருபத்துச் சொச்சத்தில் நிற்கிறது, அடுத்து எங்கே போவது என்று புரியவில்லை. இதற்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா, இல்லை இதையே புதிதாகச் செய்த ரீமேக்குக்கு நேராகப் போய்விடலாமா?

பழையகேட்ரிட்ஜ்:

அந்த மூலையில் உள்ள எண்தான் உங்கள் மேப். 39-இல் தொடங்கும், ஒவ்வொரு மெட்ராய்டையும் கொல்லக் கொல்லக் குறையும், இது தெரிந்திருக்கும். நிறையப் பேர் கவனிக்காதது, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி நிறுத்தினால் அந்த இடத்தில் வேறொரு எண் வரும். அடுத்த நில அதிர்வுக்கு இன்னும் எத்தனை மெட்ராய்டைக் கொல்ல வேண்டும் என்ற கணக்கு அது. கீழே போகிற வழியை அமிலம் மறித்துக்கொண்டு கிடக்கிறது இல்லையா, ஒரு பகுதியில் இருக்கும் மெட்ராய்டுகளை எல்லாம் முடித்தால் தரை குலுங்கும், அமிலம் இறங்கும், அடுத்த பகுதி திறக்கும். ஆக எந்த நேரத்திலும் நீங்கள் தேட வேண்டிய இடம் கிரகம் முழுவதும் இல்லை, நடுவில் செல்லும் பெரிய சுரங்கத்திலிருந்து பிரியும் ஒரு கிளை, அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் 2 என்று வருகிறதா? அந்தக் கிளையைத் தாண்டிப் போகாதீர்கள், இரண்டும் அங்கேதான் இருக்கின்றன.

சூப்பரில் பொருளைத் தேடுகிறோம், பொருள் கதவைத் திறக்கிறது. இதில் கதவைத் திறப்பது வேட்டை. சூப்பர் மாதிரி ஆடினால் சலிக்கத்தான் செய்யும், ஏனென்றால் அந்த மாதிரிப் பரிசுகளை இது ஒளித்து வைக்கவே இல்லை. இதில் ஒளிந்திருப்பது எதிரி. மெட்ராய்டு உரித்துப் போட்ட வெற்று ஓடு சுரங்கத்தில் கிடக்கும், பார்த்திருப்பீர்கள். அதைக் கண்டதும் கை தானாக மிசைலுக்குப் போகும், பக்கத்தில்தான் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்பைடர் பால் கையில் இருக்கும்போது மேப் இல்லை என்று அழுவதும் எனக்குப் புரியவில்லை. பந்தாகச் சுருண்டு கீழ் பட்டனை அழுத்தினால் சுவரிலும் கூரையிலும் ஒட்டிக்கொண்டு ஏறலாம், சூப்பரில் இந்த வசதி கிடையவே கிடையாது! ஒரு பெரிய குகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முழுச் சுற்று வந்தால் அந்தக் குகையில் விட்டுப்போன வழி என்று ஒன்று இருக்காது. மெதுவாகத்தான் போகும், ஆனால் கும்மிருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கிற அந்த உணர்வுதான் எனக்கு இந்தக் கேமே.

மேப்புக்குஓட்டு:

மேலே சொன்னதில் பாதி சரி, பாதி பழைய பாசம். மேப் இல்லாதது குறைதான், அதைக் கலை என்று சொல்லிச் சமாளிக்க வேண்டாம். அதே கேம் பாயில் 1993-இல் வந்த லிங்க்ஸ் அவேக்கனிங்கில் அழகான மேப் இருந்தது, இயந்திரத்தால் முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை. 160-க்கு 144 புள்ளி உள்ள திரையில் சாமஸை அவ்வளவு பெரிதாக வரைந்தால் சுற்றுப்புறத்துக்கு இடம் எங்கே மிஞ்சும்? வாரியா சூட் என்ற பலமான கவசத்தை எடுத்ததும் தோள் இரண்டும் உருண்டையாகப் பெருக்கும் அல்லவா, அதுகூட நிறமில்லாத திரையில் சூட் மாறியதைக் காட்டக் கண்டுபிடித்த வழிதான். அந்தத் தோள் பிறகு சாமஸின் அடையாளமாகவே ஆகிவிட்டது, அது வேறு விஷயம், நல்ல விஷயம்.

சுரங்கவாசிக்கு என் பதில்: பிடிக்கவில்லை என்றால் விடுங்கள், குற்ற உணர்ச்சி எதற்கு? 2017-இல் நிண்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கு இதன் ரீமேக்கான சாமஸ் ரிட்டர்ன்ஸ் வந்தது, மெர்குரிஸ்டீம் நிறுவனம் செய்தது. மேப் உண்டு, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் குறிபார்க்கலாம், பாய்ந்து வருகிற எதிரியைத் தட்டிவிட்டுத் திருப்பி அடிக்கலாம். ஒரே தொல்லை, 3டிஎஸ் இணையக் கடையை 2023-இல் மூடிவிட்டார்கள், இனிமேல் கேட்ரிட்ஜ் தேடித்தான் வாங்க வேண்டும். ரசிகர்கள் தாங்களே செய்த இன்னொரு ரீமேக்கான ஏஎம்2ஆர் 2016-இல் வந்தது, சூப்பரின் கைப்பழக்கத்தோடு வருகிறவர்களுக்கு அதுதான் மிக நெருக்கம். வந்த சில நாட்களிலேயே நிண்டெண்டோ அதை இறக்கச் சொல்லிவிட்டது, அதனால் அதைப் பற்றி மேற்கொண்டு பேசவில்லை.

குஞ்சுக்காகஅழுதவன்:

கதை முடிவைப் பற்றித்தான் பேசப் போகிறேன், தெரிய வேண்டாம் என்பவர்கள் இந்தப் பதிலைத் தாண்டிப் போங்கள்.

ரீமேக் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சாமஸ் ரிட்டர்ன்ஸ் கடைசியில் இந்தத் தொடரின் பழைய வில்லன் ரிட்லியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சண்டை அருமை, அதில் குறை இல்லை. ஆனால் அந்த இடத்தில் சண்டையே இருக்கக்கூடாது! மூலக் கேமில் மெட்ராய்டு ராணியைக் கொன்ற பிறகு முட்டை உடைகிறது, குஞ்சு வெளியே வருகிறது, வந்து சாமஸைச் சுற்றிச் சுற்றி மிதக்கிறது. நீங்கள் சுட வேண்டியதில்லை. அங்கிருந்து கப்பல் வரைக்கும் ஓர் எதிரி கிடையாது. வழியில் சில கட்டிகள் மறிக்கும், எந்த ஆயுதத்துக்கும் அசையாது, குஞ்சு போய் அவற்றைத் தின்று வழி விடும். மேலே வர வர அந்த எலிச் சத்தம் எல்லாம் போய், இசை மெல்ல மென்மையாகும். அவ்வளவு நேரம் இந்த இனத்தை ஒன்று விடாமல் கொல்லத்தான் வந்தோம், கணக்கில் பூஜ்யம் காட்டுகிறது, ஆனால் ஒன்று நம் பக்கத்திலேயே பறந்து வருகிறது. இதை ஒரு வரி வசனம்கூட இல்லாமல் 1991-இல் செய்திருக்கிறார்கள்.

இதில் சுரங்கவாசிக்கு ஒரு வசதி உண்டு. இது வந்த காலத்தில் ஆடியவர்களுக்கு அந்தக் குஞ்சு ஒரு வேடிக்கையான முடிவு, அவ்வளவுதான். நீங்கள் சூப்பரை முடித்துவிட்டு வருகிறீர்கள். சூப்பரின் கடைசி எதிரி மதர் பிரெயின் முன்னால் அது சாமஸுக்காக என்ன செய்யப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கட்டிகளை அது மென்று வழி விடுவதைப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள் சலிப்பாக இருந்ததா என்று. நான் தம்பி தங்கைகளுக்குச் சொல்லும் வரிசையே இதுதான், முதலில் சூப்பர், பிறகு இது.

இன்னொன்று, கணக்கு 1-க்கு வந்ததும் முடிந்தது என்று நினைப்பீர்கள். ராணியின் கூட்டுக்குள் நுழையும்போது அந்த எண்ணை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

ஏழரைமணிரயில்:

தத்துவம் எல்லாம் பேசியாயிற்று, நடைமுறைக்கு வருகிறேன். ஸ்விட்சில் ஆடுவதென்றால் திரை அமைப்பில் கேம் பாய் கலரைத் தேர்ந்தெடுங்கள், சாமஸ் பாறையிலிருந்து தனியாகத் தெரிவாள், கண் வலி பாதி குறையும். ஆட்டத்தைப் பின்னோக்கி ஓட்டும் ரீவைண்ட் இருக்கிறது, வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள். பீம் விஷயத்தில் பயம் வேண்டாம், எதிரியை உறைய வைக்கும் ஐஸ் பீமை இப்போது விட்டாலும் கடைசிக் கட்டத்துக்கு முன்னால் மறுபடி கிடைக்கும், அதுவரை பிளாஸ்மா பீமோ எதுவோ பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். பந்தாக இருக்கும் ஆரம்ப நிலை மெட்ராய்டு கிரகத்தின் அடியில் வரும்போது மட்டும் ஐஸ் கட்டாயம், உறைய வைத்து மிசைல் அடிக்க வேண்டும். தாளில் கிறுக்கி மேப் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள், பழையகேட்ரிட்ஜ் சொன்ன கணக்கைப் பார்த்தாலே போதும், தாள் தேவைப்படாது.

சுரங்கவாசி:

எல்லோருக்கும் நன்றி. நிறுத்தினால் வேறு எண் வரும் என்பதைக் கையேடு இல்லாமல் யார்தான் கண்டுபிடிப்பார்கள்! அழுத்திப் பார்த்தேன், 1 என்று வந்தது. ஸ்பைடர் பாலில் கூரையைப் பிடித்துக்கொண்டு போனால், நான் பல தடவை கீழே நடந்து போன அதே குகையின் உச்சியில் ஒரு சந்து, உள்ளே அது. அடித்ததும் தரை குலுங்கியது. ரீமேக் இப்போதைக்கு இல்லை, இதையே தொடர்கிறேன். மேப்புக்குஓட்டு சொன்னதிலும் எனக்கு மறுப்பில்லை, மேப் இருந்திருந்தால் இந்தக் கேள்வியையே கேட்டிருக்க மாட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். ஒமேகா என்று முற்றிய மெட்ராய்டு ஒன்று வரும் என்கிறார்களே, அதற்கு முன்னால் மிசைல் எவ்வளவு சேர்த்துக்கொள்வது நல்லது?

ஏழரைமணிரயில்:

மெட்ராய்டு வளர வளர மிசைல் அதிகம் வேண்டும்: ஆல்ஃபா நிலைக்கு 5 போதும், காமாவுக்கு 10, ஜீட்டாவுக்கு 20. ஒமேகா ஒன்றுக்கு 40 கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், குறி தவறுவதற்குத் தனியாக. மிசைல் நிரப்பும் இடம் கண்ணில் பட்டால் நிரப்பாமல் தாண்டாதீர்கள்.