பொருள்: ஜீப்பில் மேலதிகமாகப் பூட்டும் விளக்குக்கு என்ன பெயர்?

திருகோணமலை, போதனாசிரியர்:
அன்புடையீர், ஜீப், பிக்கப் வாகனங்களில் மேலதிக விளக்குப் பூட்டுவது பற்றி மாணவருக்கு ஒரு கைந்நூல் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வயரிங் முடிந்துவிட்டது: 55 வாற்று விளக்கு இரண்டு 12 வோல்ற்றில் 9 அம்பியருக்கு மேல் இழுக்கும், சுவிட்சை நம்பாமல் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் கருவி) வைத்து, பற்றரிக்குப் பக்கத்திலேயே 15 அம்பியர் பியூஸ் போட வேண்டும். தலைப்பில்தான் நிற்கிறேன். 'துணைவிளக்கு' சரிவருமா?

மூதூர்:
சரியே, சேர். துணையாகிய விளக்கு என்றால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை. துணைக்கு வைத்த விளக்கு என்றால் நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. இரண்டும் இனிக்கிறது. துணைவினையை எண்ணிப் பாருங்கள்: முதல்வினை இல்லாமல் அது நிற்காது.

தம்பலகாமம்:
ஐயா, இலக்கணம் நிற்கிறது, சட்டம் விழுகிறது. தூரம் காட்டும் விளக்கு மட்டுமே உங்கள் துணைவினை. எதிரே வாகனம் வந்து நாம் டிம் போட்டால், அதாவது முன்விளக்கைத் தாழ்த்தினால், அதுவும் சேர்ந்து அணைய வேண்டும். மூடுபனி விளக்கோ டிம்மோடு எரியலாம். கார்களில் அது தரையிலிருந்து 800 மில்லிமீற்றருக்கு மேல் போகக் கூடாது என்கிறது ஐ.நா.வின் 48ஆம் ஒழுங்குவிதி. கூரையில் பூட்டும் நீட்டு விளக்கு காட்டுவழிக்கானது. அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் பொதுவீதியில் அதற்கு மூடி போட்டே ஓட வேண்டும். மூன்றையும் ஒரே பெயருக்குள் திணித்தால் மாணவன் மூன்றையும் ஒரே சுவிட்சில் பூட்டுவான்.

நிலாவெளி:
மூடுபனி நுவரெலியாவுக்கு. எங்களுக்கு மாரி மழையும் புழுதியும்தான். 'தாழ்விளக்கு' என்று வையுங்கள், பூட்டும் இடமும் அதிலேயே வந்துவிடும். தூரத்துக்குப் 'பாய்ச்சுவிளக்கு', கூரைக்கு 'முகட்டுவிளக்கு'.

மூதூர்:
பாய் தன்வினை, பாய்ச்சு பிறவினை. பாய்ச்சல், பாய்ச்சுதல் என்று குடும்பமே பெரிது. ஆனால் வெளிச்சம் பாய்ச்சி மீன்பிடிப்பதை எதிர்த்து இங்கே கடற்றொழிலாளர் எத்தனை முறை வீதிக்கு வந்தார்கள்? அந்தச் சொல்லை வைத்துச் சட்டப்படி விளக்குப் பூட்டச் சொன்னால் வகுப்பு சிரிக்கும். 'நெடுஞ்சுடர்' என்று சொல்லலாமே.

சீனக்குடா:
நெடுஞ்சுடரைக் கேட்டுக் கராஜ்காரர் கற்பூரம் கொளுத்துவார். கலங்கரை விளக்கம் என்று ஏட்டில் இருந்தும் எங்கள் சனம் 'வெளிச்சவீடு' என்றுதானே சொல்கிறது? லைட் என்றே எழுதுங்கள்.

மூதூர்:
தம்பி, வெளிச்சவீடும் தமிழ்தான்; உங்கள் கட்சிக்கு அது சாட்சியாகாது. கலங்கரை என்பதில் கரைதல் 'அழைத்தல்' என்று கொள்வோரும் உண்டு. அதைப் பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.

தம்பலகாமம்:
வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள், ஐயா.

போதனாசிரியர்:
எல்லோருக்கும் நன்றி. பொதுப்பெயர் துணைவிளக்கு, அதன் கீழே தாழ்விளக்கு, தூரவிளக்கு, முகட்டுவிளக்கு. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுவிட்ச், தனி வரைபடம். 'பாய்ச்சு' விலக்கப்பட்டது. கராஜில் வழங்கும் பெயர் அடைப்புக்குள் வரும். நம் நாட்டு விதியை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டுச் சேர்க்கிறேன்.

மூதூர்:
'தூரவிளக்கு' என்றால் தூரத்தில் இருக்கும் விளக்கு என்றல்லவா பொருள்படும்? என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.