புதுப்பிப்பு: 4கே ஸ்க்ரீன்ல ஃபோட்டோஷாப் சிஎஸ்6, மெனு இப்ப படிக்க முடியுது

முன்னாடி கேட்டிருந்தேன்ல, அப்பா சிங்கப்பூர் தேக்கால கல்யாண பத்திரிகை டிசைன் பண்றாரு, அவருக்கு விண்டோஸ் 11 கம்ப்யூட்டரும் 27 இன்ச் 4கே ஸ்க்ரீனும் வாங்கினேன், ஆனா சிஎஸ்6 தொறந்தா மெனு, டூல்ஸ் எல்லாம் எறும்பு சைஸ்ல இருக்குன்னு. சரியாயிடுச்சு, வழி சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி!

சிஎஸ்6 வந்தது 2012-ல. ஸ்கேலிங்க (ஸ்க்ரீனுக்கு ஏத்த மாதிரி எழுத்து, பட்டன் எல்லாத்தையும் பெருசாக்கறது) நானே பாத்துக்கறேன்னு விண்டோஸ்கிட்ட சொல்லிட்டு பட்டன் எதையும் பெருசாக்காது, அதான் சிக்கல். ஃபோட்டோஷாப் ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ், அங்க ஓவர்ரைடு டிக் பண்ணி 'சிஸ்டம்' வைங்க, அவ்ளோதான், ரெஜிஸ்ட்ரிய (விண்டோஸோட உள் செட்டிங்ஸ் இருக்கற இடம்) தொடவே வேணாம்.

ஒண்ணு மட்டும் கவனிங்க, விண்டோஸ் மொத்த ஜன்னலையும் இழுத்துப் பெருசாக்குறதால உள்ள இருக்கற படமும் கொஞ்சம் மங்கலா தெரியும், விண்டோஸ் டிஸ்ப்ளே ஸ்கேல் 150%ல இது நல்லாவே தெரியுது, 200% வெச்சா பரவால்ல. ஃபைல்ல எதுவும் மாறாது, ப்ரிண்ட் ஷார்ப்பாதான் வரும். ஷார்ப்னஸ் செக் பண்ணணும்னா ஜேபெக்கா சேவ் பண்ணி வேற வியூவர்ல பாருங்க, அப்பா இப்ப அப்படித்தான் பாக்கறாரு.

அவரோட பழைய ஸ்கேனர் இன்னும் கனெக்ட் ஆகல, விண்டோஸ் 11-ல பழைய ஸ்கேனர் ஓட்டறவங்க இருந்தா சொல்லுங்க.