சோல் மாற்றப்போகிறேன்: எக்ஸ்எஸ் எட்ஜா, எக்ஸ்எஸ் கிரிப் 2-ஆ?

புதுக்கயிறு:
பாறையேறப் போடும் ஷூ, ஸ்கார்ப்பா இன்ஸ்டிங்க்ட் விஎஸ். கம்பெனியிலிருந்து வந்தபோது அடியில் வைப்ரம் கம்பெனியின் எக்ஸ்எஸ் எட்ஜ் என்ற கடின ரப்பர், 3.5 மி.மீ. இப்போது வலது பெருவிரல் முனையில் ஒரு மி.மீ. ரப்பர்தான் மிச்சம். ரேண்டில் (சோலுக்கு மேலே ஷூவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையில்) இன்னும் ஓட்டை விழவில்லை. முன்பாதி சோலை மட்டும் மாற்றக் கொடுக்கப்போகிறேன். சோல் மாற்றுபவரிடம் மூன்று ரப்பர் தாள் கையிருப்பில் இருக்கிறதாம்: எட்ஜ் (4 மி.மீ.), அதைவிட மென்மையான கிரிப் 2 (3.5 மி.மீ.), அதே கிரிப் 2 (4 மி.மீ.). பெரும்பாலும் ஏறுவது பெங்களூருக்குப் பக்கத்தில் சாவனதுர்கா, ராமநகரா கிரானைட் சரிவுகள். டிசம்பர், ஜனவரியில் பாதாமி. சரிவுக்கு மென்மையான ரப்பர்தான் என்று கேட்டவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் கிரானைட்டை மனதில் வைத்தே செய்த லா ஸ்போர்டிவா டிசி ப்ரோவில் கடினமான எட்ஜ் ரப்பர் 4 மி.மீ. ஒட்டியிருக்கிறது. எது சரி?

அகலப்பாதம்:
கிரிப் 2 போடுங்கள் தம்பி.

ரப்பர் பாறையைப் பிடிப்பது இரண்டு வழியில். ஒன்று ஒட்டுதல்: ரப்பரும் பாறையும் மூலக்கூறு அளவுக்கு நெருங்கித் தொடும்போது உண்டாகும் இழுப்பு. மற்றது, பாறையின் மேடுபள்ளத்துக்குள் ரப்பர் அமுங்கி, நகரும்போது பழைய வடிவத்துக்குத் திரும்புவதற்குள் சக்தியை விழுங்கிவிடுவது. அமுக்கியதும் துள்ளி எழுகிற ரப்பர் வழுக்கும். சோம்பலாக எழுவதுதான் பிடிக்கும். கட்டைவிரல் நகத்தால் சோலில் ஓர் அழுத்து அழுத்திப் பாருங்கள். சைக்கிள் ட்யூபில் தடம் அந்த நொடியே மறையும். நல்ல ஏற்ற ரப்பரில் அது தயங்கித் தயங்கித்தான் மறையும்.

இந்த இரண்டுக்குமே ரப்பர் பாறைக்குள் இறங்கியாக வேண்டும். மென்மையானது எளிதாக இறங்கும். சாவனதுர்காவின் சரிவில் நிற்பதற்கு விளிம்பு என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. முன்பாதத்தை அப்படியே பரப்பி உராய்வை நம்பி நிற்கிறோம். அங்கே எட்ஜ் ரப்பரின் கடினம் வீண்.

கூர்விளிம்பு:
அகலப்பாதம் சொன்ன இயற்பியல் சரி, முடிவு தவறு. மூன்று காரணம்.

முதலாவது, அந்தப் பாறை வழவழப்பான சரிவு அல்ல. ராமநகரா, சாவனதுர்கா, வடக்கே ஹம்பி வரை ஓடுவது ஒரே குளோஸ்பேட் கிரானைட் பட்டை, சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை. அதன் அடையாளமே இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் படிகங்கள், பல இடங்களில் விரல்நுனி அகலத்துக்கு. மழையும் வெயிலும் சுற்றியுள்ள சிறு மணிகளை அரித்துவிட, படிகம் மட்டும் இரண்டு மூன்று மி.மீ. துருத்திக்கொண்டு நிற்கும். சரிவு செங்குத்தாக ஆக ஆக அந்தப் படிகத்தின் மேல்தான் நிற்கிறோம்.

இரண்டாவது, கணக்கு. ஒரு காலில் 60 கிலோ. பாதத்தைப் பரப்பினால் 6 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், ஆக 24 சதுர செ.மீ.; ஒவ்வொரு சதுர செ.மீ.-க்கும் இரண்டரை கிலோ. படிகத்தில் நிற்கும்போது தொடுவது அரை சதுர செ.மீ. அதாவது சதுர செ.மீ.-க்கு 120 கிலோ. ஏறத்தாழ 48 மடங்கு அழுத்தம். அந்த அழுத்தத்தில் மென்மையான ரப்பர் நொடிக்கு நொடி பிதுங்கி நழுவும். கால் திடீரென்று வழுக்குவதில்லை; பாறையில் அடித்த போல்ட்டில் குயிக்டிராவை (கயிறு மாட்டும் கொக்கிப் பட்டையை) மாட்ட நின்று தடுமாறும் 20 நொடியில் மெல்ல உருண்டு வெளியே வரும்.

மூன்றாவது சூடு. சூடு ஏறும்போது ரப்பரின் சோம்பல் குறைந்து துள்ளல் கூடும், மேலும் இளகும். ஏப்ரலில் பத்து மணிக்குமேல் கை வைக்க முடியாத பாறையில் கிரிப் 2 தேவைக்குமேல் இளகிவிடும். குளிர் ஊரில் கடினமாகத் தோன்றும் எட்ஜ், அங்கே நடுத்தரமாக நடந்துகொள்ளும்.

அகலப்பாதம்:
120 கிலோ கணக்கை ஏற்கிறேன். அதுவே எனக்குச் சாதகம். ரப்பருக்குப் பள்ளிக்கூட உராய்வு விதி பொருந்தாது. பள்ளியில் படித்தது, எடை இரட்டித்தால் பிடிப்பும் இரட்டிக்கும், பரப்புக்கு வேலையில்லை என்று. ரப்பரில் அழுத்தம் கூடக்கூட உராய்வுக் கெழு குறைகிறது, ஏனென்றால் உண்மையில் தொடும் பரப்பு எடைக்குச் சமமாக வளர்வதில்லை. அதனால் அதே 60 கிலோவை அதிகப் பரப்பில் போட்டால் மொத்தப் பிடிப்பு கூடும். குதிகாலை இறக்கி நில் என்று பழகியவர்கள் சொல்வது இதற்குத்தான். விறைத்த ஷூவும் விறைத்த ரப்பரும் குதிகாலை இறக்கவிடாது.

படிகத்தில் நிற்க வேண்டிய இடங்கள் உண்டு, மறுக்கவில்லை. ஒரு பிட்ச்சில் (ஒரு கயிறு நீள ஏற்றத்தில்) அப்படிப் பத்து அடி இருக்கும். மீதி உராய்வு நடைதான். சாவனதுர்காவில் போல்ட்டுக்குப் போல்ட் தூரம் அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். விழக்கூடாத இடம் உராய்வு நடையாக இருக்கும்போது, அந்த நடைக்குத்தான் ரப்பரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

சூடு பற்றி: இரண்டு ரப்பரும்தான் இளகும். கடினமானதைப் போட்டுச் சமாளிப்பதைவிட வெயில் ஏறுமுன் ஏறி இறங்குவது மேல்.

மணற்கல்:
பாதாமியை இருவரும் விட்டுவிட்டீர்கள். அங்கே கிரானைட் இல்லை, நெருக்கமான மணற்பாறை. செங்குத்துச் சுவர், குறுக்கே கோடு கோடாக ஓடும் சிறு விளிம்புகள். கால் வைக்கும் இடம் பல நேரம் பென்சில் தடிமன்தான். அங்கே ரப்பர் வகையைவிட ஷூ விளிம்பின் கூர்மை முக்கியம். 4 மி.மீ. எட்ஜ் தேய்ந்து முனை உருண்டிருந்தால், புதிதாகச் செதுக்கிய 3.5 கிரிப் 2 அதை வென்றுவிடும்.

இன்னொன்று: பாறையடியில் நிற்கும் செம்மண் சோலில் ஒட்டினால் எந்த ரப்பரும் ஒன்றுதான். தூசி நடுவில் வந்தால் ஒட்டுதல் போய்விடும். முதல் அடி வைப்பதற்குமுன் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உள்ளங்கையால் சூடேறும்வரை தேய்க்க வேண்டும். சுண்டுவிரல் அகல விளிம்பில் இது தரும் வித்தியாசம் கிரிப் 2-க்கும் எட்ஜுக்கும் உள்ளதைவிடப் பெரிது. கையில் பூசும் சாக் பொடி சோலில் படவே கூடாது.

கூர்விளிம்பு:
மணற்கல் சொல்வதுதான் என் வாதத்தின் அடிப்படை. ரப்பர் வகை மூன்றாம் இடத்தில்தான் வரும். விளிம்பின் வடிவம், ஷூவின் விறைப்பு, அதற்கப்புறம்தான் ரப்பரின் பெயர். எட்ஜ் ஒட்டிய விஎஸ், அதன் கிரிப் 2 வடிவமான விஎஸ்ஆர் இரண்டையும் போட்டுப் பார்த்துவிட்டு "கிரிப் 2 எவ்வளவு மென்மை" என்பார்கள். விஎஸ்ஆரில் ரப்பர் மட்டும் மாறவில்லை, உள்தட்டும் (சோலுக்கு மேலே ஷூவுக்குள் இருக்கும் விறைப்பான தட்டும்) மென்மையானது. பாதி மென்மை அங்கிருந்து வருகிறது.

அகலப்பாதம்:
ரப்பருக்கு மூன்றாம் இடம் என்றால் வரலாறு ஒத்துக்கொள்ளாது. பிரான்ஸின் ஈபி ஷூக்களை உலகமே ஆண்டுக்கணக்கில் போட்டது. 1980களின் தொடக்கத்தில் ஸ்பெயினிலிருந்து போரியால் ஃபிரே வந்தது. கணுக்கால் மூடிய, இன்றைக்குப் பார்த்தால் தடித்த ஷூ. வடிவத்தில் பெரிய புதுமை இல்லை. ரப்பர் மட்டும் வேறு. அமெரிக்காவின் யோசெமிட்டியில் அதுவரை நிற்க முடியாத சரிவில் நின்றார்கள். 1985-இல் சார்லஸ் கோல் ஃபைவ் டென் தொடங்கி ஸ்டெல்த் ரப்பரைக் கொண்டுவந்ததும் அந்தப் போட்டியில்தான். பின்னாளில் துபாய் புர்ஜ் கலீஃபாவின் கண்ணாடியில் ஒரு படக்காட்சிக்காக நடிகர் ஏற வேண்டியிருந்தபோது ஃபைவ் டென் செய்து கொடுத்தது எம்ஐ6 என்ற மிக மென்மையான ரப்பர். விளிம்பே இல்லாத கண்ணாடிக்கு மென்மைதான் விடை.

கூர்விளிம்பு:
ஃபிரே பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அது ஒட்டாத ரப்பரிலிருந்து ஒட்டும் ரப்பருக்குத் தாவிய தாவல். இன்று கடையில் இருக்கும் எட்ஜ், கிரிப் 2, ஸ்டெல்த் சி4, ஈவால்வின் ட்ராக்ஸ் எல்லாமே தாவலுக்கு இந்தப் பக்கம். கண்ணாடி உதாரணம் கிரானைட்டுக்கு எதிரான உதாரணம். கண்ணாடியில் படிகம் இல்லை.

புதுக்கயிறு:
அண்ணா, ஒரு சந்தேகம். ஷோர் ஏ என்ற ரப்பர் கடின அளவைப் பார்த்து முடிவெடுக்க முடியாதா? எண் குறைவாக இருப்பது அதிகம் பிடிக்கும் என்று வைத்துக்கொள்ளலாமா?

கூர்விளிம்பு:
வேண்டாம். அந்தக் கருவி ஓர் ஊசி எவ்வளவு இறங்குகிறது என்பதைத்தான் சொல்கிறது. எவ்வளவு மெதுவாக மீள்கிறது என்று சொல்லாது. ஒரே எண்ணுள்ள இரண்டு ரப்பரில் ஒன்று பந்துபோலத் துள்ளும், மற்றது மாவுபோலக் கிடக்கும். பிடிப்பு இரண்டாவதில்தான்.

அகலப்பாதம்:
இதில் எங்களுக்குள் சண்டையே இல்லை.

சோல்பட்டறை:
சோல் மாற்றும் பக்கத்திலிருந்து சில விஷயம். இவை தெரியாமல் மேலே பேசிய எதுவும் பயன்படாது.

தாளில் 4 மி.மீ. என்று இருந்தால் காலில் 4 வராது. பழைய சொல்யூஷனை (ஒட்டும் பசையை) அரைக்கும்போதும் முனையைச் செதுக்கும்போதும் கொஞ்சம் போகும். 3.5 தாள் போட்டால் பெருவிரல் ஓரத்தில் சில நேரம் மூன்றுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அடிக்கடி ஏறுபவருக்கு அது சீக்கிரம் தீர்ந்து ரேண்டைத் தின்னும். ரேண்ட் ஓட்டையானால் அதற்குத் தனி ஒட்டு, தனிச் செலவு. அதன் இழுவிசை மாறினால் ஷூவின் வடிவமே கொஞ்சம் மாறும்.

தடிமன் விறைப்பை எப்படி மாற்றும்? வளைவு விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 3.5-லிருந்து 4-க்குப் போனால் ரப்பர் அடுக்கின் விறைப்பு சுமார் ஒன்றரை மடங்கு. 4-லிருந்து 5-க்குப் போனால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் டிசி ப்ரோபோல முழுநீள உள்தட்டு இருக்கும் ஷூவில் விறைப்பு தட்டிலிருந்து வருகிறது. ரப்பரை எது மாற்றினாலும் பெரிதாகத் தெரியாது. ஸ்கார்ப்பா டிராகோபோலத் துணிபோன்ற ஷூவில் அரை மி.மீ. கூட உடனே தெரியும். விஎஸ் இரண்டுக்கும் நடுவில்.

அதனால் முதலில் உள்தட்டைச் சோதியுங்கள் தம்பி. ஷூவை இரு கையால் பிடித்து விரல் மடங்கும் இடத்தில் வளையுங்கள். சீராக வளைந்தால் தட்டு உயிரோடு இருக்கிறது. ஒரே கோட்டில் அட்டை மடிவதுபோல மடிந்தால் தட்டு உடைந்துவிட்டது. அதற்கு எட்ஜ் 4 போட்டாலும் பழைய விறைப்பு முழுதும் திரும்பாது.

வேலை நடக்கும் விதம்: சூட்டுக்காற்றுத் துப்பாக்கியால் பழைய சோலைச் சூடாக்கி, பாதத்தின் வளைவுப் பக்கம் தொடங்கி விரல் பக்கமாக உரிக்க வேண்டும். அவசரப்பட்டு ஆறியபிறகு இழுத்தால் ரேண்டும் சேர்ந்து கிழியும். பழைய சொல்யூஷன் முழுதும் போகும்வரை தேய்த்து, புதுத் தாளின் பளபளப்பையும் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் மெல்லிய இரண்டு பூச்சு. ஒவ்வொரு பூச்சும் விரலில் ஒட்டாத அளவு காய வேண்டும், கால் மணி நேரத்துக்குமேல் ஆகும். மழைக்காலத்தில் இன்னும் நேரம். ஈரம் உள்ளே மாட்டினால் ஒரு மாதத்தில் ஓரம் வாய் திறக்கும். பிறகு சூடு காட்டி, முனையை முதலில் பொருத்தி, நடுவிலிருந்து வெளியே காற்று போகும்படி அமுக்க வேண்டும். கடைசியில் சுழலும் உப்புத்தாள் பெல்ட்டில் விளிம்பு செதுக்குவது. அவசரமாக அழுத்தினால் ரப்பர் எரிந்து கந்தக வாடை வரும், அந்த இடம் கண்ணாடிபோல மினுமினுக்கும். அந்த மினுமினுப்பில் கிரிப் 2 கூடப் பிடிக்காது.

இன்னொரு பெரிய தவறு, பாதிச் சோலின் இணைப்புக் கோடு. அது பாதவளைவு தொடங்கும் இடத்துக்குப் பின்னால் இருக்க வேண்டும். முன்பாதத்தின் அடியில் வந்தால், பாதத்தைப் பரப்பி நிற்கும்போதெல்லாம் அங்கே வளைந்து வளைந்து பிரியும்.

கூர்விளிம்பு:
உள்தட்டு உயிரோடு இருந்தால்?

சோல்பட்டறை:
அப்போது கிரிப் 2 4 மி.மீ. தட்டு விறைப்பைக் கொடுக்கும், 4 மி.மீ. தடிமன் ஆயுளைக் கொடுக்கும், ரப்பர் பிடிப்பைக் கொடுக்கும். தட்டு தளர்ந்திருந்தால் எட்ஜ் 4. 3.5 வேண்டாம்.

கூர்விளிம்பு:
முதல் பாதிக்கு உடன்பட மாட்டேன். பாதாமிக்கும் அதே ஷூ என்கிறார். தட்டு நன்றாக இருந்தாலும் எட்ஜ்தான் அங்கே விளிம்பை நீண்ட நாள் கூராக வைத்திருக்கும். கிரிப் 2 முனை உருள்வது சீக்கிரம். டிசம்பரில் பாதாமி காலைக் குளிர் எட்ஜை இன்னும் உறுதியாக்கும்.

அகலப்பாதம்:
வாதத்தை அளந்தே தீர்க்கலாம். எட்ஜ் போட்ட ஒரு ஷூ, கிரிப் 2 போட்ட ஒரு ஷூ, இரண்டும் ஒரே அளவு, ஒரே விறைப்பு வகை. ராமநகராவில் மேலிருந்து கீழே வளைந்து செங்குத்தாகும் ஓர் உருண்டைப் பாறை, கீழே மெத்தை. இரண்டு சோலையும் துடைத்து, கையை எடுத்துவிட்டு, கால்பாதத்தைப் பரப்பி மெல்ல மெல்லக் கீழ்ப்பக்கமாக நகருங்கள். வழுக்கத் தொடங்கும் இடத்தில் போனின் சாய்வுமானியைப் பாறையில் வைத்துக் கோணத்தைக் குறியுங்கள். அந்தக் கோணத்தின் டேன் மதிப்புதான் உராய்வுக் கெழு. 40 பாகையில் வழுக்கினால் 0.84. 42 பாகையில் வழுக்கினால் 0.90. இரண்டு பாகைக்கே 7 சதவீதம். ஒவ்வொரு ஷூவிலும் பத்து முறை, காலை ஏழு மணிக்கு ஒரு சுற்று, பதினொரு மணிக்கு ஒரு சுற்று. கூர்விளிம்பின் சூட்டு வாதமும் அதிலேயே தெரிந்துவிடும்.

கூர்விளிம்பு:
நல்ல சோதனை. அதோடு படிகச் சோதனையையும் சேருங்கள்: 3 மி.மீ. துருத்தும் ஒரே படிகத்தில் பெருவிரல் முனை மட்டும், கை ஊன்றாமல், நழுவும்வரை எத்தனை நொடி. முதல் சோதனையில் கிரிப் 2 வெல்லும் என்று இப்போதே ஒத்துக்கொள்கிறேன். இரண்டாவதில் எட்ஜ்.

புதுக்கயிறு:
வளைத்துப் பார்த்தேன். இடது சீராக வளைகிறது. வலது பெருவிரலுக்குக் கீழே கோடாக மடிகிறது.

சோல்பட்டறை:
அப்படியானால் எட்ஜ் 4, இரண்டு காலுக்கும். ஒரு காலுக்கு ஒரு ரப்பர் வேண்டாம், எந்தக் காலை எவ்வளவு நம்பலாம் என்று உடம்பு குழம்பும். அனுப்பும்போது "முன்பாதி, இணைப்பு பாதவளைவுக்குப் பின்னால், முனையை உருட்ட வேண்டாம்" என்று தாளில் எழுதி உள்ளே வையுங்கள். வந்தபிறகு ஒரு நாள் சும்மா கிடக்கட்டும். விளிம்பு தவிர்த்த அடிப்பரப்பில் பளபளப்பு இருந்தால் 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரே திசையில் தேய்க்கவும். வெயிலில் நிற்கும் காருக்குள் ஷூவை வைக்கவே கூடாது, சொல்யூஷன் இளகிப் போட்ட வேலை முழுதும் பிரிந்துவிடும்.

அகலப்பாதம்:
தட்டு உடைந்த ஷூவுக்கு எட்ஜ், ஏற்கிறேன். சரிவுக்கென்று அடுத்த ஜோடி வாங்கும்போது கிரிப் 2 வாங்குங்கள் தம்பி.

கூர்விளிம்பு:
சோதனை முடிவு வரட்டும், அப்புறம் வாங்கட்டும்.